ஏழு பேர் பார்த்த ஒரே ஆள்

மார்ச் 6

அக்காவுக்கு,

உன் பயிற்சி மையத்திலிருந்து பிப்ரவரி 14 அன்று ஆங்கிலத் தேர்வு எழுதிய பதினாறு பேரில் ஏழு பேரின் முடிவைத் தேர்வு வாரியம் நிறுத்தி வைத்திருக்கிறது. நேற்று காலை பதினொன்றேகாலுக்கு அவர்களில் ஒருவரான நர்ஸ் எனக்குப் போன் செய்து சொன்னார். தனக்கு வந்த வாரியக் கடிதத்தை வரி விடாமல் படித்தும் காட்டினார். மற்ற ஆறு பேருக்கும் இதே கடிதம்தான் என்கிறார். அதை நான் இன்னும் உறுதி செய்யவில்லை.

கடிதத்தில் காரணம் ஒரே வரிதான். எழுத்துத் தாளில் பத்திரிகைக் கட்டுரை எழுதும் பகுதியில் அவருடைய விடை வேறு சில தேர்வர்களின் விடையோடு பொருந்துகிறதாம். எந்த இடத்தில், எவ்வளவு என்று சொல்லவில்லை.

நர்ஸின் நிலைமை உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் அவர் எப்போதோ தேறிவிட்டார். எழுத்தில்தான் இரண்டு முறை தவறியது, இரண்டு முறையும் இந்தக் கட்டுரைப் பகுதியில். வெளிநாட்டு மருத்துவமனை அவருக்கான இடத்தை ஏப்ரல் 30 வரைதான் வைத்திருக்கும். "சார், நான் யாரைப் பார்த்தும் எழுதலை. என் பக்கத்துல உக்காந்திருந்தவர் வேற ஊர்க்காரர்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ஜனவரி 9 அன்று உன் மையத்தில் பாடம் எடுப்பதை விட்டு உன் மாடிப்படியில் இறங்கியவன் நான். அதன்பின் நாம் பேசவில்லை. போன் செய்யலாம்தான். ஆனால் போனில் நாம் இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு வாக்கியம்கூட முடிக்க விட்டதில்லை. எழுதினால் கடைசி வரை கேட்டாக வேண்டும்.

பொருந்துவது எது? மையத்துக்கும் கடிதம் வந்ததா? பதில் கொடுக்க எதுவரை நேரம்?

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறாய், நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. உன் அத்தான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்திலாவது இருக்கும் என்று.

கேட்டதற்குப் பதில். மையத்துக்கும் மார்ச் 3 அன்றே கடிதம் வந்தது. மார்ச் 24 மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். பொருந்துவது எது என்று கேட்டாய் அல்லவா? உன் ஆள்தான்.

மறந்திருக்க மாட்டாய். "எல்லாரும் கடந்து போகும், யாரும் பார்க்காத இடம்" என்று தலைப்பு போட்டு மஞ்சள் கோட்டுத் தாளில் நீ எழுதிக் காட்டிய கட்டுரை. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருக்கும் வேனின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து ஒருவன் தலை வாருகிறான். வாரி முடிக்கும்வரை டிரைவர் வண்டியை எடுக்காமல் காத்திருக்கிறார். அந்த ஆளை ஏழு பேரும் தேர்வில் எழுதியிருக்கிறார்கள். கேள்வி என்ன தெரியுமா? உங்கள் ஊரில் பார்க்க வேண்டிய இடம் பற்றி மாணவர் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை. லிப்ட் மெக்கானிக் அவனைப் பூங்காவில் நிறுத்தியிருக்கிறார். நர்ஸ் ஏரிக்கரையில். ஒருத்தி நூலகத்துக்குள்ளேயே வேனைக் கொண்டுவந்துவிட்டாள். வாரியத்து ஆள் போனில் என்னிடம் கேட்டார்: "மேடம், உங்க ஊர்ல ஒருத்தருக்கும் வீட்ல கண்ணாடி இல்லையா?" சிரிக்கவும் முடியவில்லை.

நிலைமை இதுதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்று முடிவானால் ஏழு பேருக்கும் இரண்டு வருடத் தடை. மையமே மனப்பாடம் செய்யக் கொடுத்தது என்றால் அவர்கள் ஒருமுறை மறுதேர்வு எழுதலாம், என் மையம் வாரியத்தின் பட்டியலிலிருந்து போகும். பத்தொன்பது வருடம். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டே அறைதான், ஆனால் நான் கட்டியது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பகுதிநேரமாக வந்த ஆசிரியர் ஒருவர் மையத்துக்குத் தெரியாமல் தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால் பிள்ளைகளும் தப்புவார்கள், மையமும் தப்பும். அந்த ஆசிரியர் இனி எங்கேயும் இந்தத் தேர்வுக்கு வகுப்பெடுக்க முடியாது, அவ்வளவுதான். நீ எடுக்கப் போவதும் இல்லை. என் மாணவர்கள் முன்னால் நின்று "இந்த மாதிரிக் கட்டுரை எல்லாத்தையும் கிழிச்சுப் போடுங்க" என்று சொன்னாயே, அன்றோடு முடிந்தது உன் ஆசிரியர் வேலை.

கட்டுரை உன்னுடையது. கையெழுத்து உன்னுடையது. உனக்கு இனி போவதற்கு என்ன இருக்கிறது?

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். முதலில் எழுதாதது என் தவறு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதில் சொல்வதற்கு முன் எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். நேற்றும் முந்தாநாளும் ஏழு பேரில் நான்கு பேரிடம் பேசினேன். நர்ஸ், லிப்ட் மெக்கானிக், இன்னும் இருவர். நால்வருக்கும் வாரியக் கடிதத்தில் ஒரே வாசகம். ஆகவே அது உறுதி.

நான் அந்தக் கட்டுரையை எழுதியது டிசம்பர் மூன்றாம் வாரம், மாலை வகுப்பில், அவர்கள் கண் முன்னால், கரும்பலகைக்குப் பதில் தாளில். அவர்களுடைய கட்டுரைகள் எல்லாம் "நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா?" என்றே தொடங்கின. நீ சொல்லிக் கொடுத்த தொடக்கம். வாசகரைக் கூப்பிடக் கேள்வி நல்லதுதான், ஆனால் வகுப்பில் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டால் வாசகர் திரும்பிப் பார்க்க மாட்டார். கண்ணால் பார்த்த ஒன்றை வைத்துத் தொடங்கலாம் என்று காட்டத்தான் அதை எழுதினேன். ஒரே பிரதி. மேசை இழுப்பறையில் வைத்தேன். ஜனவரி 9 அன்று எடுக்காமலே வந்துவிட்டேன். தேர்வு நடந்தது அதற்கு ஐந்து வாரம் கழித்து.

ஏழு பேரில் மூன்று பேர் காலை வகுப்பு. அவர்களுக்கு நான் ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. அவர்களில் ஒருவர் என் குரலைப் போனில் கேட்டு "நீங்க யாரு?" என்றார்.

காலை வகுப்புக்கு அந்தத் தாள் எப்படிப் போனது? எந்தத் தேதியில்? யார் கையால்?

தம்பி

மார்ச் 14

நிருபருக்கு,

விசாரணை நன்றாக நடக்கிறது. அடுத்து என் வீட்டு வாசலில் வந்து நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பாய் போல.

தாள் இழுப்பறையில் இருந்தது. மையத்தில் இருக்கும் தாள் எல்லா வகுப்புக்கும் போகும். அது ஒரு குற்றமா?

நீ மூன்று மாதம் வந்து போனவன். போன தேர்வில் பதினாலு பேர் எழுதி பதினொரு பேர் கட்டுரையில் விழுந்த நாள் நீ இங்கே இல்லை. அவர்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்து என் முகத்தைப் பார்த்த பார்வையை நீ பார்க்கவில்லை. உனக்குக் கட்டுரை என்றால் ஊர் உலகம், பார்வை, குரல். எனக்குக் கட்டுரை என்றால் தலைப்பு இருக்கிறதா, மூன்று பத்தி இருக்கிறதா, சொன்ன வார்த்தை எண்ணிக்கைக்குள் முடிந்ததா, நர்ஸ் விமானம் ஏறுவாரா.

வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே கோடு போட்ட இடத்தில் கையெழுத்து. டைப் செய்தது உன் அத்தான். "இது நிஜமா?" என்று இரண்டு தடவை கேட்டார். "டைப் பண்ணுங்க" என்றேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை, ஆனால் மத்தியானம் சாப்பிட உட்காரவும் இல்லை.

பத்து நாள் இருக்கிறது. தபாலுக்கு இரண்டு நாள் போகும். ஏழு பேரை நினைத்துக்கொண்டு போடு. என்னை நினைக்க வேண்டாம்.

அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

வாக்குமூலத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். அதில் பதினொரு வாக்கியம் இருக்கிறது. நான்கு உண்மை.

நேற்று லிப்ட் மெக்கானிக் நேரில் வந்தார். இந்த ஊரில் ஒரு கட்டடத்தில் அவருக்கு வேலை. தன்னிடம் இருந்த ஜெராக்ஸை என் முன்னால் வைத்தார். என் கையெழுத்துதான். ஆனால் தாளின் மேல்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இருக்கிறது. அந்த வெள்ளையின் ஓரத்தில் மெல்லிய நிழல் கோடு ஒன்று, இடமிருந்து வலம். எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு வரியை மறைத்துப் பிரதி எடுக்க வேண்டுமென்றால் ஒரு காகிதத்துண்டை அதன் மேல் வைப்போம். விளிம்பு இப்படித்தான் விழும்.

அந்த இடத்தில் நான் எழுதியிருந்த வரி எனக்கு நினைவிருக்கிறது. "இது நான் பார்த்தது. நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்."

துண்டு வைத்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பதில் என் கையில் இருக்கும். அது உன் கையிலேயே இருக்கட்டும்.

மெக்கானிக் சொன்ன இன்னொன்றையும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அது என்னைப் பற்றியது. "ஏன் மனப்பாடம் பண்ணீங்க, உங்களுக்குச் சொல்ல விஷயமா இல்லை?" என்று கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்களைப் பத்தி நான் ஒண்ணு எழுதினேன். கதவைத் திறந்ததும் ஒருத்தர்கூட நன்றி சொல்ல மாட்டாங்க, முதல்ல வாட்ச்சைத்தான் பாப்பாங்கன்னு. நீங்க சிவப்பு மையில திருத்திக் கொடுத்தீங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதுல லிப்ட் இருந்துச்சு, மாட்டிக்கிட்டவங்க இருந்தாங்க, நான்தான் இல்லை. நாலு தடவை அப்படி ஆச்சு. அப்புறம் உங்களோடதே ஒண்ணு ரெடியா கைக்கு வந்தப்போ, சரி, வேலை மிச்சம்னு நினைச்சேன்."

நான் திருத்தியது பிழையை என்று நினைத்திருந்தேன். முப்பத்தோரு வருடம் செய்தி மேசையில் பிறர் எழுதியதை எடுத்து என் நடையில் எழுதிக் கொடுத்த கை. அங்கே அது வேலை. இங்கே அவர்களுக்கு அவர்கள் எழுத்தின் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் அது எடுத்துவிட்டது. உன் மாதிரிக் கட்டுரைகளைக் கிழிக்கச் சொன்னவன், அந்த இடத்தில் என்னையே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதை எழுதிக் கையெழுத்துப் போடத் தயார். நடந்ததற்கு மட்டும்.

எட்டு நாள் இருக்கிறது.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதம் 18ஆம் தேதி வந்தது. அன்று உனக்கு ஒரு பதில் எழுதினேன். நல்ல வேளை, அதை அனுப்பவில்லை. அதில் இருந்ததெல்லாம் நம் சின்ன வயதுச் சண்டை. இந்த விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

துண்டு நான் வைத்ததுதான். ஜனவரி 22, காலை. தேர்வுக்கு மூன்று வாரம். காலை வகுப்பில் பயிற்சித் தேர்வு வைத்திருந்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. இழுப்பறையைத் திறந்தால் உன் தாள். படித்தேன். அத்தனை கோபத்திலும் நன்றாக இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மேலே இருந்த வரியோடு கொடுத்தால் அவர்கள் மனப்பாடம் செய்ய மாட்டார்கள் என்று தெரியும். வருகைப் பதிவேட்டின் ஓரத்தைக் கிழித்து அந்த வரியின் மேல் வைத்தேன். வாய்ப்பாடு மாதிரி நாற்பது தடவை சொல்ல வைத்தேன். "எந்தக் கேள்வி வந்தாலும் இந்த ஆளை உள்ளே கொண்டு வந்துருங்க" என்று சொன்னதும் நான்தான். பதினாறு பேருக்கும் கொடுத்தேன். ஏழு பேர் என் பேச்சைக் கேட்டவர்கள். கேட்காத ஒன்பது பேர் தேறிவிட்டார்கள்.

நேற்று மாலை ஏழு பேரையும் வரச் சொன்னேன். முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள், பாடம் நடத்தப் போகிறேன் என்று நோட்டைத் திறந்தார்கள். "மூடுங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன். மறைத்த வரியைப் பலகையில் எழுதினேன். கீழே கடையில் லென்ஸ் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு நூலகத்தில் வேனை நிறுத்தியவள் கேட்டாள்: "அப்போ மேடம், அந்த ஆளு நிஜமாவே இருந்தானா?"

"இருந்தான். என் தம்பி பார்த்திருக்கான்."

"நான் கதைன்னு நினைச்சேன்" என்றாள். மெக்கானிக் சிரித்தார், இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. எழுந்து என் மேசைக்கு வந்தார். "நாங்க காப்பி அடிக்கலைன்னு உங்களுக்கு மூணாம் தேதியே தெரியும். இன்னிக்கு பத்தொன்பது. பதினாறு நாள் நான் வேலைக்குப் போய், டூட்டி ரூம்ல எல்லாரும் பாக்குற பார்வையைப் பார்த்துட்டு வந்திருக்கேன் மேடம்." அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். சரி என்று அவர் சொல்லவில்லை.

இன்று காலை விளக்கத்தை நானே எழுதினேன், உன் அத்தானை டைப் செய்ய விடவில்லை. தாளைக் கொடுத்தது, வரியை மறைத்தது, மனப்பாடம் செய்யச் சொன்னது மூன்றும் நான் மட்டுமே என்று எழுதி, மூலத் தாளையும் வைத்துக் கொடுத்தேன். மதியம் மூன்று பத்துக்கு வாரிய அலுவலகத்தில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்கள். நகல் இத்துடன்.

உன்னிடம் கையெழுத்துக் கேட்டேன். அதற்கும் ஒரு வார்த்தை எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

நகல் கிடைத்தது. "நான் மட்டுமே" என்ற இடத்தில் எனக்கு ஆட்சேபம். நீ சொன்ன மூன்றும் நீ செய்தவை. ஆனால் அவர்கள் ஏன் அந்தத் தாளை அவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதில் என் பங்கு இருக்கிறது. அதை இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, சிவப்பு மை நிறைந்த மெக்கானிக்கின் நான்கு கட்டுரைகளோடு, இன்று பதிவுத் தபாலில் வாரியத்துக்கு அனுப்பினேன். ரசீது இருக்கிறது. 24க்குள் சேர்ந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள்.

இதனால் உன் மையம் தப்பாது. தப்ப வைக்க எழுதியதும் இல்லை.

மறுதேர்வு கிடைத்தால் அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பாய்? கேட்பது விசாரணைக்கு இல்லை. எனக்கே தெரியவில்லை, அதனால் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 11

தம்பிக்கு,

ஏழு பேரும் இன்று மறுதேர்வு எழுதினார்கள். நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. வாரியம் என் மையத்தை இடைநிறுத்தி வைத்திருப்பதால் தேர்வுக் கூடத்தின் வாசலைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. எதிரே வண்டி நிறுத்தும் இடத்தில், நம் வண்டிக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அத்தான் தூங்கிவிட்டார். இந்த மாதிரி நாளில் தூங்க முடிகிற மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும்.

என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று கேட்டாய். மூன்று வாரம் ஒரு பேனாவையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். யாருக்கு எழுதுறீங்க என்று கேட்டேன். தேர்வாளருக்கு என்றார்கள். தேர்வாளர் பத்திரிகை வாங்க மாட்டார், வாங்குகிற ஒருத்தரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நூலகத்துக்காரி தன் நாத்தனாரை நினைத்துக்கொண்டாள். அவள் கட்டுரையில் அன்றிலிருந்து ஒரு வேகம், கொஞ்சம் வாய்த்துடுக்குகூட. தலைப்பைக் கடைசியில் போடச் சொன்னேன். கருத்து சொல்கிற இடத்தில் "நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு" என்று நழுவினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நர்ஸ் ஒரு வாரம் வரவில்லை. பிறகு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை வைத்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியைப் பற்றி. அது வசதியாக இருந்தால் சொந்தக்காரர்கள் எழுந்து போகவே மாட்டார்கள், நோயாளி தூங்க முடியாது, ஆகவே ஆஸ்பத்திரிகள் இன்னும் மோசமான நாற்காலி வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆங்கில வினைகளின் காலத்தில் ஐந்து தப்பு. எனக்குக் கை துறுதுறுத்தது. "அஞ்சு இடம் இருக்கு, நீங்களே தேடுங்க" என்று மட்டும் சொன்னேன். நாலு கண்டுபிடித்தார். ஐந்தாவதை நான் சொல்லவில்லை. இன்று வரை அது என்னை உறுத்துகிறது, சொல்லியிருக்க வேண்டுமோ என்று.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தார்கள். மெக்கானிக் முதலில். "வார்த்தை கூடிப்போச்சு மேடம், கடைசி வரியை அடிச்சுட்டேன். அதுதான் நல்ல வரி" என்றார், வருத்தமாக. நர்ஸ் கடைசியாக வந்தார். வண்டிக்கு அருகில் நின்றார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"கட்டுரையில என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்ல மாட்டேன் மேடம்" என்றார். கோபமாக இல்லை. "வெளிய வந்ததும் உங்ககிட்ட சொல்லி, அது சரியா தப்பான்னு கேக்கறதே பழக்கமாப் போச்சு. இந்தத் தடவை வேண்டாம்." பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். வண்டியில் வாருங்கள் என்று கூப்பிட்டேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

அவர் எழுதியது தேறுமா என்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருடத்தில் ஒரு மாணவியின் விடை எனக்குத் தெரியாமல் தேர்வு முடிந்தது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கு வராத வார்த்தை. நீ செய்யாததற்கு உன் கையெழுத்துக்குக் கோடு போட்டு அனுப்பினேன், தம்பி. உனக்கு இனி போவதற்கு என்ன இருக்கிறது என்றும் எழுதினேன். இரண்டையும் எழுதியிருக்கக் கூடாது.

மறுதேர்வு முடிவு ஏப்ரல் 28, காலை பத்து மணிக்கு. வாரிய அலுவலர் இன்று மதியம் வாசலில் வந்து சொன்னார், எழுத்தில் இன்னும் வரவில்லை. நர்ஸின் மருத்துவமனை 30 வரை காத்திருக்கும், அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர மாட்டார்களாம். மையத்தின் மீதான விசாரணை மே 6. உன் இரண்டு பக்கத்தையும் கோப்பில் சேர்த்திருக்கிறார்கள். உன்னை நேரில் கூப்பிடுவார்களா என்று கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தெரியும் என்றார்கள்.

அக்கா